ஏழாண்டுப் போர் ஏன் மூண்டது?

(விழிஞ்ஞத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் கண்டு மகிழ்ந்திருக்கும் அவையில் போரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று முதலில் தயங்கினோம். ஆயினும், இவ்வூரில் இருந்துகொண்டு அதனைப் பேசாமல் விடுவதும் எளிதன்று. நம் குடியிருப்பின் மாடியில் ஏறி நின்றால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிகின்றன. 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முதல் பெருங்கப்பல் இங்கு வந்து அணைந்தது. 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் துறைமுகம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. அன்று தொட்டு நம் பிள்ளைகளுக்குப் புதியதொரு விளையாட்டுக் கிடைத்திருக்கிறது. தொலைநோக்கி வைத்திருக்கும் பையன் கப்பலின் பின்புறத்தில் எழுதியுள்ள ஊர்ப் பெயரை உரக்கப் படிப்பான். மற்றவர்கள் அது எந்த நாட்டு ஊர் என்று சொல்ல வேண்டும். மன்ரோவியா என்பான், பனாமா என்பான். உலகப் படம் தானே மனத்தில் பதிகிறது. நல்ல விளையாட்டுத்தான்.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் நாம் சொல்லி வைக்க வேண்டும். கப்பல் வரும் வழியிலேதான் போரும் வரும். மிளகு ஏற்ற வந்த கப்பலே பீரங்கியையும் ஏற்றி வந்தது. எங்கோ ஓர் அரண்மனையில் இருவர் கையெழுத்திட்ட ஓலை, அவர்கள் கண்ணால் கண்டறியாத ஒரு சிற்றூரின் கதிர்களைக் கரியாக்கியது. அந்த வரலாற்றையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

பழைய துறை

விழிஞ்ஞத்திற்குப் போர் புதியதன்று. ஆய் மன்னர்களின் அரண் சூழ்ந்த துறையாக இது விளங்கியது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் இதனை அழித்தான் என்று அவனுடைய செப்பேடு கூறும். பின்னர் முதலாம் இராசராச சோழனின் படை இதனைக் கைப்பற்றிற்று. சோழர் ஆட்சியில் இராசேந்திர சோழப் பட்டினம் என்னும் பெயரும் இதற்கு வழங்கிற்று. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வணிகரும் இங்கே பண்டகசாலை வைத்தனர். அதன்பின் அவர்கள் வடக்கே அஞ்சுதெங்கில் கோட்டை கட்டினர். அந்த அஞ்சுதெங்கில் 1728ஆம் ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது. இராபர்ட் ஓர்ம் என்பது அதன் பெயர். கருநாடகப் போர்களின் வரலாற்றை விரிவாக எழுதி 1763இல் முதற் பகுதியை வெளியிட்டவர் அவரே. ஆகவே இன்று நாம் பேசும் போரின் வரலாற்றாசிரியர், நம் கடற்கரையோரத்தில் பிறந்தவர்.

உலகப் போர் என்றவுடன் 1914ஆம் ஆண்டையும் 1939ஆம் ஆண்டையும் நினைக்கிறோம். அவற்றுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே உலகெங்கும் பரவிய போர் ஒன்று நிகழ்ந்தது. 1756 முதல் 1763 வரை நடந்தமையால் அதனை ஏழாண்டுப் போர் என்பர். ஐரோப்பாவில் அது நடந்தது. வட அமெரிக்கக் காடுகளில் நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலும் நடந்தது. 1762இல் பிலிப்பைன் தீவுகளின் மணிலா நகரைப் பிடிக்கப் போன படை, நம் சென்னையிலிருந்தே கப்பலேறிற்று. இத்துணைப் பெரிய போர் ஏன் மூண்டது? அதற்கும் வந்தவாசிக்கும் என்ன உறவு?

மூன்று ஊர்ப் பூசல்கள் தனித்தனியே இருந்தன. ஒன்று ஐரோப்பாவில் சைலீசியா என்னும் மாநிலத்தைப் பற்றியது. மற்றொன்று அமெரிக்காவில் ஒகையோ ஆற்றுவெளியைப் பற்றியது. மூன்றாவது ஆர்க்காட்டு நவாபுப் பட்டத்தைப் பற்றியது. இவற்றுள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இயல்பாக ஒட்டோ உறவோ கிடையாது. உடன்படிக்கை என்னும் கயிற்றால் மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டியதே உலகப் போருக்குக் காரணம் என்பது எம் கருத்து. கட்டிய பிறகு, ஒன்றைத் தனியே அவிழ்க்க யாராலும் இயலவில்லை.

ஒரு பெண்ணின் அரசுரிமை

1740ஆம் ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் இறந்தார். அவருக்கு ஆண் மகவு இல்லை. தம் நாடுகளெல்லாம் மகளுக்கே சேர வேண்டும் என்று 1713ஆம் ஆண்டிலேயே ஆணை பிறப்பித்து, அதற்கு ஐரோப்பிய அரசுகளின் இசைவைப் பெறத் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டார். கையெழுத்துகள் வந்து குவிந்தன. ஆனால் அவர் கண் மூடிய இரண்டு திங்களுக்குள், பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் சைலீசியாவுக்குள் படையைச் செலுத்தினார். வளமான நாடு, பட்டமேற்றவர் 23 வயதுப் பெண், பெட்டகத்தில் பணம் இல்லை. இதற்கு மேல் அவருக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை.

அப்பெண்தான் மரியா தெரசா. அவருக்குப் பிரிட்டன் துணை நின்றது. பிரெடரிக்கின் பக்கம் பிரான்சு சேர்ந்தது. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கடல் வணிகத்தில் முன்னரே பகை உண்டு. 1744ஆம் ஆண்டு அவ்விரு நாடுகளும் வெளிப்படையாகப் போர் அறிவித்தன.

இங்கே புதுச்சேரியில் அப்போது டூப்ளே ஆளுநராக இருந்தார். ஐரோப்பாவில் போர் நடந்தாலும் சோழமண்டலக் கரையில் இரு கம்பெனிகளும் அமைதியாக வணிகம் செய்யலாம் என்று அவர் ஆங்கிலேயரிடம் கேட்டார். வணிகருக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் பிரிட்டிஷ் அரசின் கடற்படை 1745இல் கீழைக் கடல்களில் பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தது. டூப்ளே மொரீசியசுத் தீவிலிருந்து லா பூர்தொனேயை வரவழைத்தார். 1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. தம் ஆட்சி எல்லைக்குள் பிற நாட்டார் இருவர் போரிடுவதைப் பொறாத நவாபு அன்வாருதீன், தம் மகன் மாபூசுகானைப் பெரும் படையுடன் அனுப்பினார். அடையாற்றங்கரையில் பிரெஞ்சுப் படையினர் சில நூற்றுவர் அப்பெரும் படையை முறியடித்தனர். பயிற்சி பெற்ற சிறு படைக்கு முன் நவாபின் பெரும் படை நில்லாது என்பதை அன்றே இரு கம்பெனிகளும் கண்டுகொண்டன. அடுத்த ஐம்பது ஆண்டு வரலாறு அந்த ஆற்றங்கரையிலே எழுதப்பட்டது எனலாம்.

1748 ஏப்ரலில் ஐரோப்பாவில் சமாதானத்தின் முதற்படியாகக் கையெழுத்திட்டனர். செய்தி கடல் கடந்து வரப் பல திங்கள் ஆகும். அதனை அறியாமல், அதே ஆண்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டார். மழையிலும் நோயிலும் வீரர் மடிந்தனர். முடிந்துபோன போருக்காக மனிதர் மாண்டனர்! பிறகு வந்த எக்சு-லா-சப்பேல் உடன்படிக்கை, வட அமெரிக்காவிலுள்ள லூயிபூர் கோட்டையைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்து, அதற்கு மாறாகச் சென்னையை ஆங்கிலேயருக்கு மீட்டுத் தந்தது. சென்னையில் வாழ்ந்த ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. லூயிபூர் மக்களையும் கேட்டிருக்கமாட்டார்கள். சதுரங்கக் காய்களை இடம் மாற்றும்போது காயிடம் கேட்பவர் யார்?

நம் கையால் இட்ட முடிச்சு

இதுவரை சொன்னவற்றைக் கேட்டால், அயலார் வந்து நம்மைக் கெடுத்தனர் என்று பெருமூச்சு விட்டு எழுந்துவிடலாம். அது பாதி உண்மையே. மறு பாதியையும் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1748இல் ஐதராபாத்து நிசாம் இறந்தார். அவருடைய மகன் நாசர்சங்கும் பேரன் முசாபர்சங்கும் பட்டத்துக்குப் போட்டியிட்டனர். அதே வேளையில், மராட்டியரிடம் சிறையிருந்து மீண்ட சந்தா சாகிபு ஆர்க்காட்டு நவாபுப் பட்டத்தை நாடினார். பட்டம் நாடிய இவ்விருவரும் தம்முள் கூடிப் பேசித் தீர்க்கவில்லை. பிரெஞ்சுக்காரரின் துப்பாக்கியைத் தேடினர். 1749 ஆகஸ்டு 3ஆம் நாள் ஆம்பூரில் நடந்த போரில் அன்வாருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடி ஆங்கிலேயரின் துப்பாக்கியைத் தேடினார். அந்த ஆண்டுகளில் பிரிட்டனும் பிரான்சும் ஐரோப்பாவில் சமாதானமாக இருந்தன என்பதை மறவாதீர்கள். அரசர்கள் அங்கே விருந்துண்ண, அவர்களுடைய கம்பெனிகள் இங்கே மற்றவர் பெயரால் போரிட்டன.

1751இல் கிளைவு ஆர்க்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். 1752இல் சந்தா சாகிபு திருவரங்கத்தில் சரணடைந்து, தஞ்சைத் தளபதியின் கையில் உயிரிழந்தார். நாசர்சங்கும் முசாபர்சங்கும் அதற்கு முன்னரே மாண்டிருந்தனர். பட்டத்துக்குப் போட்டியிட்ட நால்வருள் எஞ்சியவர் முகமது அலி ஒருவரே. அவரும் என்ன பெற்றார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

போர்ச் செலவு பெருகவே, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைவர்கள் சலிப்படைந்தனர். 1754இல் டூப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். அவருக்குப் பின் வந்த கொதே, அவ்வாண்டின் முடிவில் ஆங்கிலேயருடன் ஓர் உடன்பாடு செய்தார். இந்திய அரசர்களின் பூசலில் இரு கம்பெனிகளும் இனித் தலையிடுவதில்லை என்பது அதன் சாரம். கையெழுத்து உறுதியாவதற்கு ஐரோப்பாவின் ஒப்புதல் வேண்டும் என்றிருந்தது. அந்த ஒப்புதலுக்குப் பதிலாக வந்து சேர்ந்தது வேறொரு போர்.

தற்காப்பு என்னும் பெயரால்

அந்தப் போரின் பொறி அமெரிக்காவில் விழுந்தது. ஒகையோ ஆற்றுவெளியில் பிரெஞ்சுக்காரர் கோட்டைகள் கட்டினர். அந்நிலம் தமதென்று ஆங்கிலேயக் குடியேற்றத்தார் கூறினர். இருவருக்கும் முன்னரே அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களின் உரிமையை இருவரும் பொருட்படுத்தவில்லை. 1754 மே மாதம், 22 வயதான ஜார்ஜ் வாசிங்டன் ஒரு சிறு படையுடன் சென்று ஒரு பிரெஞ்சுக் குழுவைத் தாக்கினார். பிற்காலத்தில் அமெரிக்க நாட்டின் முதல் தலைவரான அவரே இவர். சண்டை சில நிமிடங்களில் முடிந்தது. அதன் விளைவு முடியவில்லை. மறு ஆண்டு இரு அரசுகளும் அங்கே படைகளை அனுப்பின.

இனித்தான் தூதர்களின் வேலை தொடங்குகிறது. அதனைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம்.

பிரிட்டிஷ் மன்னர் இரண்டாம் ஜார்ஜ், செர்மானிய நாட்டு ஹனோவருக்கும் அதிபதி. பிரான்சுடன் போர் வந்தால் ஹனோவர் பறிபோகுமே என்று அவர் அஞ்சினார். ஆகவே 1755இல் பிரிட்டன் ரஷ்யாவுக்குப் பணம் கொடுத்துப் படைத் துணை தேடிற்று. ரஷ்யப் படை தம் எல்லையில் நிற்கப் போகிறதே என்று பிரெடரிக் அஞ்சினார். அந்த அச்சத்தால் அவரே பிரிட்டனுடன் 1756 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் உடன்பாடு செய்துகொண்டார். செர்மானிய நாடுகளுக்குள் அயற்படை நுழையாமல் இருவரும் காப்பது என்பதே அதன் நோக்கம். பார்த்தால் அமைதிக்கான உடன்பாடுதான்.

ஆனால் பிரெடரிக் அதுவரை பிரான்சின் நண்பர் அல்லரோ? தம்மைக் கேளாமல் தம் பகைவருடன் கைகோத்தது நம்பிக்கைத் துரோகம் என்று பிரான்சு கருதிற்று. சைலீசியாவை மீட்பதொன்றையே எண்ணிக்கொண்டிருந்த ஆஸ்திரிய அமைச்சர் கௌனிட்சு, இந்த வாய்ப்புக்காகவே காத்திருந்தார். 1756 மே 1ஆம் நாள், இரு நூற்றாண்டுக்கு மேலாகப் பகைத்து வந்த பிரான்சும் ஆஸ்திரியாவும் வெர்சாயில் நட்புடன்பாடு செய்துகொண்டன. அதுவும் தற்காப்பு உடன்பாடே! பிரெடரிக்கை வெறுத்த ரஷ்யாவும் ஆஸ்திரியாவின் பக்கம் சாய்ந்தது. மூன்று பேரரசுகள் தம்மைச் சூழ்ந்து நெருக்குமுன் தாமே முந்திக்கொள்ள வேண்டும் என்று பிரெடரிக் முடிவு செய்தார். ஆகஸ்டு 29ஆம் நாள் அவர் படை சாக்சனிக்குள் நுழைந்தது. கடலிலும் அமெரிக்காவிலும் மோதிவந்த பிரிட்டனும் பிரான்சும் அதற்கு முன்னரே, பிரிட்டன் அவ்வாண்டு மே மாதத்திலும் பிரான்சு ஜூன் மாதத்திலும், போர் அறிவித்துவிட்டன.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஹனோவரைக் காக்க ஒரு கையெழுத்து. அதைக் கண்டு அஞ்சி மற்றொரு கையெழுத்து. அதைக் கண்டு சினந்து மூன்றாவது கையெழுத்து. அவரவர் தத்தம் வேலியை உயர்த்தினர். ஒவ்வொரு வேலியும் அடுத்தவன் கண்ணுக்கு ஏணியாகத் தெரிந்தது. போரை விரும்பியவர் சிலர் இருந்தனர், மறுப்பதற்கில்லை. ஆயினும் போரை விரும்பாதவர் செய்த உடன்படிக்கைகளும் போரையே கொண்டுவந்தன. மற்றவன் நம் செயலை எவ்வாறு காண்பான் என்று கருதாமல் செய்யும் தற்காப்பு, தாக்குதலாகவே முடியும்.

தமிழகம் செலுத்திய விலை

கயிறு இறுகியது. நம் நாட்டுக் கதை மீண்டும் தொடங்கிற்று. 1758 ஏப்ரலில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி பெரும் படையுடன் வந்து இறங்கினார். ஜூனில் கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டையைப் பிடித்தார். படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. தஞ்சை மன்னர் முன்னர் எழுதிக் கொடுத்திருந்த கடன் சீட்டு ஒன்றைக் காட்டிப் பணம் பிடுங்கத் தஞ்சையின்மேல் படையெடுத்தார். வழியில் நாகூர் கொள்ளைக்குள்ளாயிற்று. கீழ்வேளூர்க் கோயிலைத் தோண்டிப் பார்த்தனர், புதையல் இல்லை. கோயிலைச் சேர்ந்த அந்தணர் சிலரை ஒற்றர் என்று ஐயுற்றுப் பீரங்கி வாயில் வைத்துக் கொன்றனர். அந்த அந்தணர்களுக்குச் சைலீசியா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமா? ஒகையோ என்னும் ஆற்றின் பெயரை அவர்கள் கேட்டிருப்பார்களா? ஆயினும் அந்தக் கணக்கு அவர்கள் தலையில் வந்து விழுந்தது.

1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலி சென்னையை முற்றுகையிட்டார். ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் பின்வாங்கினார். முற்றுகையிட்டவர்களுக்கு உணவு செல்லும் வழிகளை வெளியே இருந்து தாக்கியவர்களுள் யூசுப்கான் ஒருவர். ஆங்கிலேயருக்கு இத்துணை உதவி புரிந்த அவரை, 1764இல் மதுரையில் நவாபும் ஆங்கிலேயரும் சேர்ந்து தூக்கிலிட்டனர். 1760 ஜனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் அயர் கூட் லாலியை வென்றார். பிறகு புதுச்சேரி முற்றுகை தொடங்கிற்று. நகரம் பட்டினியால் வாடிற்று.

அந்நகரில் ஒரு தமிழர் வாழ்ந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை என்பவர். டூப்ளேயின் துபாசியாக இருந்தவர். 1736ஆம் ஆண்டு முதல் நாட்குறிப்பு எழுதி வந்தார். கப்பல் வருகை, துணி விலை, ஆளுநரின் கோபம், ஊர் வதந்தி எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்தார். பெரிய மனிதர்களின் உடன்படிக்கைகள் நம் தெருவில் எவ்வாறு வந்து இறங்கின என்பதை அறிய அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. 1761 ஜனவரி 12ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். நான்கு நாள் கழித்து, 16ஆம் நாள், புதுச்சேரி சரணடைந்தது. பின்னர் அதன் கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. தம் நகரின் வீழ்ச்சியைக் காணாமல் அவர் கண் மூடியது ஒரு வகையில் பேறே.

1763 பிப்ரவரியில் பாரிசில் சமாதானம் ஆயிற்று. கனடா பிரிட்டனுக்குச் சென்றது. புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பி வந்தது. அந்த உடன்படிக்கையின் 11ஆவது பிரிவு, முகமது அலி கருநாடகத்தின் நவாபு என்றும், சலாபத்துசங்கு தக்காணத்தின் அதிபதி என்றும் ஏற்றுக்கொண்டது. கையெழுத்திட்டவர்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு. சலாபத்துசங்கை அவருடைய தம்பியே 1762இல் பட்டத்திலிருந்து இறக்கிவிட்டார்! இல்லாத அரசை இருப்பதாக எழுதி, இரு பேரரசுகள் முத்திரை வைத்தன. ஐந்து நாள் கழித்துச் செர்மானிய நாட்டிலும் சமாதானம் ஆயிற்று. சைலீசியா போருக்கு முன் யாரிடம் இருந்ததோ அந்தப் பிரெடரிக்கிடமே இருந்தது. ஐரோப்பாவில் எல்லைக் கற்கள் பழைய இடத்திலேயே நின்றன. மாண்டவர்கள்தாம் திரும்பவில்லை.

முகமது அலி வென்றார். என்ன பெற்றார்? தமக்காகப் போரிட்ட செலவு முழுவதையும் தாமே தருவதாகக் கம்பெனிக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அதைக் கொடுக்கக் கம்பெனி அதிகாரிகளிடமே வட்டிக்குக் கடன் வாங்கினார். வட்டிக்காக மாவட்ட வருவாய்களை அடகு வைத்தார். அந்த வருவாயைத் தண்டுவதற்காகக் கம்பெனிப் படைகள் திருநெல்வேலிச் சீமைக்குள் சென்றன, பாளையக்காரர்கள் எதிர்த்தனர். 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலேறியதும் இந்த வரிப் பகையின் தொடர்ச்சியே. 1801இல் கருநாடகம் முழுவதும் கம்பெனியின் ஆட்சிக்குள் சென்றது. நம்மில் பலர் நெல்லைச் சீமையினர். நம் பாட்டன்மார் ஏன் வறியராயினர் என்று கேட்டால், அதற்கான விடையின் ஒரு துண்டு வெர்சாயிலும் வெஸ்ட்மின்ஸ்டரிலும் கிடக்கிறது. மற்றொரு துண்டு ஆர்க்காட்டிலே கிடக்கிறது.

நமக்கு இதில் என்ன?

இஃது ஒருமுறை நிகழ்ந்து ஓய்ந்ததன்று. 1914 ஜூன் 28ஆம் நாள் செரயேவோ நகரில் ஓர் இளவரசர் சுடப்பட்டார். உடன்படிக்கைச் சங்கிலி ஒவ்வொரு நாடாக இழுத்தது. மூன்று திங்கள் நிறைவதற்குள், செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, செர்மானியக் கப்பலான எம்டன் சென்னைக் கடற்கரையிலிருந்த எண்ணெய்க் கலங்களைச் சுட்டு எரித்தது. செரயேவோவைக் கேட்டறியாத சென்னை மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடினர்.

ஆதலால் பிள்ளைகளுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல விழைகிறோம். முதலாவது, உலகச் செய்தியை அயலார் செய்தி என்று தள்ளாதீர்கள். எந்த நாடு எந்த நாட்டுடன் என்ன உடன்பாடு செய்துகொள்கிறது என்பதைப் படியுங்கள். கடலில் போக்குவரத்து மாறினால், நம் தந்தையர் வேலை செய்யும் இத்துறையில் அதன் அலை வந்து மோதும். படிப்பறிவு இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் காலத்தைப் புரிந்துகொண்டார். நமக்கும் புரிய வைத்தார். நவாபின் அரண்மனையில் வாழ்ந்த பலருக்கு அது வாய்க்கவில்லை.

இரண்டாவது செய்தி நமக்கு இன்னும் அணித்தானது. வள்ளுவர் பெருமான் தூதுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். உட்பகைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஆர்க்காட்டின் வரலாறு விளங்கும். வீட்டுப் பூசலைத் தீர்க்க வெளியாள் துணையைத் தேடியவன், பூசலில் வென்றாலும் வீட்டை இழப்பான். நம் குடியிருப்பிலேயே காண்கிறோம். தண்ணீர்க் குழாயில் யார் முதலில் குடம் வைப்பது என்று இருவருக்குள் சொல் தடிக்கிறது. அவர்களே பேசினால் கால் மணியில் தீரும். ஒருவர் தம் ஊராரை அழைக்கிறார். மற்றவர் தம் தொழிற்சங்கத்தாரை அழைக்கிறார். மாலைக்குள் குடம் மறைந்துவிடும், கட்சி நிற்கும்.

நாம் வேறு மொழி பேசும் மண்ணில் வாழ்கிறோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் வரை குமரி மாவட்டமும் இந்த விழிஞ்ஞமும் ஒரே ஆட்சியில் இருந்தன. எல்லை மாறிற்று, கடல் மாறவில்லை. ஆற்று நீரைப் பற்றியோ வேறெதைப் பற்றியோ இரு மாநிலத்துக்கிடையே கருத்து வேறுபாடு எழும்போது, செய்தித்தாள்கள் சூடாகும், மேடைகள் முழங்கும். அந்நாள்களில் நம் பக்கத்து வீட்டு மலையாள அன்னையிடம் நாம் நேரே பேச வேண்டும். அவர்கள் அச்சம் என்ன என்று கேட்க வேண்டும். நம் அச்சம் என்ன என்று சொல்ல வேண்டும். இரு மொழியும் அறிந்த நம்மைவிடச் சிறந்த தூதர் யார் இருக்கிறார்கள்? நம் வேலி அவர்களுக்கு ஏணியாகத் தோன்றாதிருக்க வேண்டும். வெர்சாய் அமைச்சர்கள் செய்யத் தவறியதை ஒரு குடியிருப்பின் தாய்மார்கள் செய்ய இயலும் என்பதில் எமக்கு ஐயமே இல்லை. வெள்ளம் வந்த நாள்களில் அதனை அவர்கள் செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

இன்றிரவு வீடு திரும்பும்போது கடலைப் பாருங்கள். விளக்கொளியுடன் கப்பல்கள் நிற்கும். அவை நெல்லும் துணியும் மருந்தும் சுமந்து வரும் கப்பல்களாகவே என்றும் இருக்கட்டும். அவ்வாறு இருப்பதற்கு அரசுகள் செய்ய வேண்டியதை அரசுகள் செய்க. நாம் செய்ய வேண்டியதை நாம் இத்தெருவிலிருந்து தொடங்குவோம்.